சாவி கையில் இருந்தால்

கேள்வி: வலுவான குறியாக்கம் (கணித முறையால் தகவலைப் பாதுகாக்கும் நுட்பம்) இருந்தால், இணையக் குழுக்கள் எந்த நிறுவனத்தின் தயவுமின்றித் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள முடியுமா?

பதில்: முடியும் என்பதற்கு டெபியன் நல்ல சான்று. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இந்தத் தன்னார்வ மென்பொருள் திட்டம், 1998 முதல் தனக்கென ஓர் அரசமைப்பை வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. வாக்குச்சீட்டு வெறும் மின்னஞ்சல்தான். ஆனால் உறுப்பினர் தம் ரகசியச் சாவியால், அதாவது தம்மிடம் மட்டுமே உள்ள நீண்ட எண்ணால், இட்ட மின்னணுக் கையொப்பம் இல்லாவிட்டால் அது எண்ணிக்கையில் சேராது. தலைவர் தேர்தல் முடிந்ததும் வெளியாகும் வாக்குப் பட்டியலில் பெயர்கள் இல்லை, நீண்ட குறியீட்டு வரிசைகளே இருக்கும். வாக்களித்தவர் தமக்கு மட்டும் வந்த ரகசியக் குறியைக் கொண்டு தம் வரிசையைக் கண்டறிந்து, வாக்கு சரியாகப் பதிவானதா என்று தாமே சரிபார்க்கலாம். எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது.

இருந்தாலும், கையொப்பம் எந்தச் சாவியுடையது என்று கணிதம் சொல்லுமே தவிர, சாவி எந்த மனிதருடையது என்று சொல்லாது. அதற்காகவே உறுப்பினர்கள் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, ஒருவர் சாவிக்கு மற்றவர் சான்றளிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். யாரை விலக்குவது, பூசலை எப்படித் தீர்ப்பது என்பதையெல்லாம் உறுப்பினர்கள் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். குறியாக்கம் அந்தப் பொறுப்பை ஏற்காது.