டரட்டில் ஒட்டும் தூரப் பட்டை: எண் எங்கிருந்து வரவேண்டும்?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் எழுதியிருக்கிறார்: "வணக்கங்க. என்னிடம் 0.177 ஏர் ரைபிள் இருக்கிறது. மேலே ஸ்கோப். தோப்பில் காகித அட்டையும் இரும்பு இலக்கும் வைத்துப் பழகுகிறேன். மொபைல் ஆப் கொடுத்த எண்களை வைத்து 10 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை தூரம் குறித்து, ஒரு பட்டை அடித்து டரட்டில் ஒட்டினேன். 20 மீட்டரில் சரியாக விழுகிறது. 45 குறியில் வைத்துச் சுட்டால் மூன்று விரற்கடை கீழே போகிறது. 10 மீட்டர் இலக்குக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்றே புரியவில்லை. வெயிலில் பட்டை வேறு சுருண்டு உரிகிறது. எங்கே தப்புங்க?"

பட்டை உரிவது சின்ன விஷயம், கடைசியில் சொல்கிறேன். டரட் என்பது ஸ்கோப்பின் (குறி பார்க்கும் தொலைநோக்கியின்) மேலே குறியை ஏற்றி இறக்கும் திருகுமூடி. அது ஒரு படி நகர்ந்தால் ஒரு கிளிக். முதலில் அந்த மூன்று விரற்கடை.

ஆப்பில் நீங்கள் போட்டிருக்கும் வேகம் துப்பாக்கிப் பெட்டியில் அச்சடித்த வேகம் என்று நினைக்கிறேன். பெட்டிகளில் பெரும்பாலும் நொடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர் என்று இருக்கும். எடை குறைந்த உலோகக்கலவைப் பெல்லட்டை (ஏர் ரைபிள் குண்டை) வைத்து எடுத்த எண் அது. நாம் சுடுவது ஈயப் பெல்லட். 8.44 கிரெய்ன் பெல்லட்டின் எடை 0.547 கிராம். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகள் வைத்திருக்கும் எல்லை 20 ஜூல். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உங்கள் துப்பாக்கியில் அந்தப் பெல்லட் நொடிக்கு 270 மீட்டரைத் தாண்டவே கூடாது. நல்ல ஸ்பிரிங் துப்பாக்கி 240 மீட்டர் கொடுத்தாலே சந்தோஷம். 305 என்று போட்டால் 45 மீட்டருக்கு ஏழு கிளிக் போதும் என்று ஆப் சொல்லும். 240-க்கு உண்மையில் இருபத்தொரு கிளிக் வேண்டும். பதினான்கு கிளிக் குறைந்தால் 45 மீட்டரில் நாலரை சென்டிமீட்டர் கீழே போகும். உங்கள் மூன்று விரற்கடை ஏறக்குறைய அதுதான்.

அதனால் ஆப்பை மூடி வையுங்கள். பட்டையில் ஏற வேண்டிய எண் உங்கள் துப்பாக்கி, உங்கள் பெல்லட், உங்கள் ஸ்கோப் மூன்றும் சேர்ந்து அட்டையில் போட்ட துளையிலிருந்து வரவேண்டும். அடுத்தவர் பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

தூரத்தை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன், நீங்களும் செய்திருக்கலாம். மரத்துக்கு மரம் 25 அடி, ஆறு மரம் தாண்டினால் 45 மீட்டர் என்று எண்ணிவிடுவார்கள். நட்டபோது கயிறு பிடித்திருந்தாலும் தென்னை சாயும், வரிசையும் வளையும். இரண்டு மீட்டர் பிசகினால் 50 மீட்டர் இலக்கில் ஒரு சென்டிமீட்டர் பிசகும். 50 மீட்டர் ஃபைபர் டேப்பை விரித்து ஐந்து ஐந்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டுவிடுங்கள். ஒரு காலை நேரத்து வேலைதான்.

அந்தக் காலை நேரம் முக்கியம். நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் திறந்து கிடக்கும் இடைவெளி அது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அரை கிராம் பெல்லட் எம்மாத்திரம்? குறுக்கே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 25 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் ஒதுங்கும், 50 மீட்டரில் பதின்மூன்று சென்டிமீட்டர். காற்று பக்கவாட்டில்தானே தள்ளும், உயரக் கணக்கு கெடாதே என்று தோன்றும். ஆனால் துளைகள் அட்டையெங்கும் சிதறிக் கிடக்கும்போது எது நடு என்று எப்படிப் பார்ப்பீர்கள்? வெளிச்சம் வந்ததும், ஓலை அசையத் தொடங்கும் முன், சுட்டு முடித்துவிடுங்கள்.

அடுத்தது கிளிக். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம். ஸ்கோப்பில் கால் எம்.ஓ.ஏ. என்று போட்டிருந்தால் ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர், 25 மீட்டரில் 1.8 மில்லிமீட்டர் நகர வேண்டும். இதையும் அப்படியே நம்ப வேண்டாம். 25 மீட்டரில் ஒரு நீள அட்டை கட்டுங்கள். கீழே ஒரு புள்ளி. அதையே குறி பார்த்து ஐந்து குண்டு. பிறகு 40 கிளிக் மேலே திருப்பி, அதே புள்ளியைப் பார்த்து இன்னும் ஐந்து. இரண்டு கூட்டத்தின் நடுவையும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் 73 மில்லிமீட்டர் வரவேண்டும். 66 வந்தால் உங்கள் கிளிக் 1.65 மில்லிமீட்டர்தான். திருப்பி 40 கிளிக் இறக்கிச் சுடும்போது பழைய துளைகளிலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். விழாத ஸ்கோப்புக்குப் பட்டை ஒட்டுவது வீண் வேலை. ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைப்பதில் சாதாரண ஸ்கோப்பின் உள்ளே லென்சும் கம்பியும் தளர்ந்துவிடும், ஏர்கனுக்கென்றே செய்த ஸ்கோப்தான் தாங்கும்.

இப்போது 10 மீட்டர் குழப்பத்துக்கு வருகிறேன். இதுதான் ரசமான இடம்.

ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக் கோடு மேலே, பெல்லட் புறப்படுவது கீழே. பெல்லட் மெல்ல ஏறிவந்து பார்வைக் கோட்டைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. கிட்டத்தில் அது இன்னும் ஏறி முடிக்கவில்லை, அதனால் கீழே விழுகிறது. தூரத்தில் இறங்கிவிட்டது, அங்கேயும் கீழே. ஆக, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் டரட்டை ஒரே பக்கம், மேலே, திருப்ப வேண்டும். 240 மீட்டர் வேகத்தில் புறப்படும் 8.44 கிரெய்ன் பெல்லட்டுக்கு நான் போட்ட கணக்கு இது: 20 மீட்டரில் ஜீரோ வைத்தால், அதாவது அங்கே குறி பார்த்த இடத்திலேயே விழும் டரட் நிலையைத் தொடக்கமாக வைத்தால், 25-க்கு ஒரு கிளிக், 30-க்கு நான்கு, 35-க்கு எட்டரை, 40-க்கு பதினான்கு, 45-க்கு இருபத்தொன்று, 50-க்கு இருபத்தெட்டு. அப்புறம் கிட்டத்துக்கு வந்தால் 15 மீட்டருக்கு நான்கு, 10 மீட்டருக்குப் பதினெட்டு. 15-ம் 30-ம் ஒரே கோட்டில் நிற்கின்றன. 10 மீட்டர் போய் 40-க்கும் 45-க்கும் நடுவில் உட்காருகிறது. முதல்முறை பார்க்கும்போது ஏதோ தப்பு என்றுதான் தோன்றும். தப்பில்லை, பெல்லட் போகும் வழி அப்படி.

இதனால் இரண்டு முடிவு எடுக்கலாம். ஜீரோவை 20 மீட்டரையொட்டி வையுங்கள். கிளிக் மிகக் குறைவாகத் தேவைப்படும் தூரம் அதுதான், அங்கே வைத்தால் ஜீரோவுக்குக் கீழே திருப்பும் தேவையே வராது. இரண்டாவது, பட்டையில் இரண்டு வரி போடுங்கள். 20 முதல் 50 வரை மேல் வரியில் கறுப்பு. 10, 15 இரண்டும் கீழ் வரியில் சிவப்பு. ஒரே வரியில் எல்லாவற்றையும் திணித்தால் அவசரத்தில் கண் ஏமாறும்.

நான் கொடுத்த எண்கள் வடிவம் புரிவதற்காகத்தான். உங்களுடையதை ஒவ்வொரு குச்சியிலும் ஐந்து ஐந்து குண்டு சுட்டு எடுத்து நோட்டில் எழுதுங்கள். எப்போதும் ஜீரோவுக்கு இறக்கிவிட்டு, கீழிருந்து மேலாகவே திருப்பி நிறுத்துங்கள். திருகில் இருக்கும் சிறு தளர்வு அப்போதுதான் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விழும்.

எண்கள் கையில் வந்தபின் பட்டையின் நீளம். டரட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து 3.1416-ஆல் பெருக்கலாம். ஆனால் தாளின் தடிமன் கணக்கில் வராது, டரட்டின் பிடிமான வரிகளும் குழப்பும். இதைவிடச் சுலபமான வழி உண்டு. ஒட்டப்போகும் அதே ஸ்டிக்கர் தாளில் ஒரு துண்டைக் கிழித்து டரட்டைச் சுற்றி இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் குண்டூசியால் ஒரே குத்து. பிரித்தால் இரண்டு துளை இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள நீளம்தான் உங்கள் சுற்றளவு, தடிமனும் சேர்த்து. விளக்குக்கு எதிரே பிடித்தால் துளை பளிச்சென்று தெரியும், அரை மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளக்கலாம்.

75.5 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். டரட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பிக் கிளிக்கை எண்ணுங்கள். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்புகள் பலவற்றில் 60 வரும். 75.5-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு 1.26 மில்லிமீட்டர். 40 மீட்டர் கோடு ஜீரோவிலிருந்து 17.6 மில்லிமீட்டரில், 50 மீட்டர் கோடு 35.2 மில்லிமீட்டரில். கம்ப்யூட்டரில் எந்த வரைபட மென்பொருளிலும் போடலாம். எதுவும் தெரியாவிட்டால் மெல்லிய முனைப் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். நான் பல வருடம் கையால்தான் போட்டேன்.

எந்தப் பக்கம் எண் ஏற வேண்டும் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் மேலே ஏற்ற இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பும்போது நம்மைப் பார்த்திருக்கும் முகம் வலப்பக்கம் நகரும். அதனால் ஜீரோவுக்கு இடப்பக்கம் இருக்கும் எண்தான் அடுத்து, டரட்டுக்குக் கீழே ஸ்கோப்பில் இருக்கும் குறிக்கோட்டுக்கு வரும். பட்டையில் 20 வலது பக்கம், 50 இடது பக்கம். ஸ்கேலில் இருப்பதுபோல இடமிருந்து வலமாக எழுதிப் பட்டையை வீணாக்கியவர்கள் நிறைய.

அச்சடிப்பதில் எனக்கே ஒரு அனுபவம் உண்டு. எல்லை தாண்டி ஒரு டி.டி.பி. கடையில் பட்டை அடித்தேன். பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கும் அமைப்பு இயந்திரத்தில் போட்டிருந்தது, நானும் கவனிக்கவில்லை. 100-க்கு 97 அளவில் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. டரட்டில் சுற்றியபோது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. 50 மீட்டர் கோடு ஏறக்குறைய ஒரு கிளிக் தள்ளி நின்றது. அன்றிலிருந்து பட்டைக்குப் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றும் சேர்த்தே அடிக்கிறேன். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் அந்தக் கோட்டை ஸ்கேலால் அளந்துவிடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

சரி, உரிவதற்கு வருவோம். சாதாரணத் தாளும் செல்லோடேப்பும் பாலக்காட்டு மார்ச் வெயிலில் நிற்காது, பசை உருகி வழியும். இங்க்ஜெட் மை மழையிலும் வியர்வையிலும் கரையும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுங்கள். டரட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, கை எண்ணெய் போனபின் ஒட்டுங்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, ஏறும் இடத்தில்தான் முதலில் உரியும். அரை மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, சேரும் இடத்தை ஜீரோவுக்கு நேர் எதிர்ப்பக்கம் விடுங்கள். ஒட்டும்போது டரட் ஜீரோவில் இருக்க வேண்டும், பட்டையின் 20 குறிக்கோட்டுக்கு நேராக. கொஞ்சம் பிசகினாலும் கவலை இல்லை. மூடியின் பக்கவாட்டுச் சிறு திருகுகளை ஆலன் கீயால் தளர்த்தி, மூடியை மட்டும் நகர்த்தி, மறுபடி இறுக்கலாம். இறுக்கும்போது கிளிக் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைப் பெல்லட் சுடுகிறவராக இருந்தால் நேராக டரட்டில் ஒட்டவே வேண்டாம். ஓ.எச்.பி. ஷீட்டில் வளையம் செய்து அதன்மேல் ஒட்டினால் கழற்றி மாட்டலாம். குண்டூசி அளவை மட்டும் அந்த வளையத்தின்மேல் எடுக்க வேண்டும். பெல்லட் மாறினால் பட்டையும் மாறும், 8.44 கிரெய்னுக்குப் போட்டது 10 கிரெய்னுக்கு உதவாது.

ஸ்கோப்பின் பக்கவாட்டில், தூரத்துக்கேற்பப் படத்தைத் தெளிவாக்கும் பேரலாக்ஸ் சக்கரத்துக்கும் இதேபோல் பட்டை ஒட்டி, படம் தெளிவாகும் இடத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிப்பார்கள். இங்கிலாந்தில் தொடங்கிய ஃபீல்ட் டார்கெட் போட்டியே அதை நம்பி நடக்கிறது. 8 முதல் 55 கெஜம் வரை தூரம் சொல்லாமல் இலக்கு நிற்கும். ஆனால் ஸ்கோப் சூடானால் தெளிவாகும் இடம் நகரும். காலை ஏழு மணிக்குப் போட்ட குறி மதியம் பொய் சொல்லும். நம் ஊர் வெயிலில் இதற்கு நிழலும் துணிமூடியும் அவசியம்.

தோப்பு என்று எழுதியதால் இன்னொன்றும் கேட்கிறேன். மயிலும் பன்றியும் உங்கள் பக்கம் செய்யும் சேதம் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பட்டை காகிதத்துக்கும் இரும்பு இலக்குக்கும்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இலக்குக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு இருக்கட்டும். தென்னை மரத்தைத் தடுப்பாக நம்பாதீர்கள், ஈயப் பெல்லட் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் இரும்பு இலக்கைச் சுட வேண்டாம், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம் என்று சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுபோவதாக இருந்தால் உறையில் போட்டு, வாங்கிய ரசீதைக் கூடவே வையுங்கள்.

புதுப் பட்டை ஒட்டியதும் முதலில் 35 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். எட்டரை கிளிக் என்று வருகிற இடம் அது, எட்டா ஒன்பதா என்பதை உங்கள் அட்டைதான் சொல்லும்.