குடிநீர், சூரிய மின்சாரம் இரண்டும் சேர்ந்த ப்ராஜெக்ட்டா? பேட்டரியை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: சுத்தமான குடிநீர், நிலையான ஆற்றல் இரண்டையும் இணைத்து, இதுவரை யாரும் செய்யாத ஒரு பொறியியல் ப்ராஜெக்ட் சொல்ல முடியுமா?

"இதுவரை யாரும் செய்யாத" என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறுதியாண்டில் இருக்கிறீர்கள், வழிகாட்டி "இதில் புதுமை எங்கே?" என்று குடைகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரம் பக்கம் போகாதீர்கள். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். 1000 லிட்டர் நீராவியைத் தண்ணீராக்க சுமார் 680 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிர்பதன இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்றே வைத்துக்கொண்டாலும் 200 யூனிட் வாக்கில் செலவாகிவிடும். காற்றைக் குளிர்விக்கும் செலவு தனி. அதே 1000 லிட்டரைக் கடல்நீரிலிருந்து எடுக்க இன்றைய ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும்) நிலையங்களுக்கு 3 முதல் 4 யூனிட் போதும். கடல்நீரில் பாதியைக் குடிநீராக்க இயற்பியல் அனுமதிக்கும் குறைந்தபட்சமே ஏறத்தாழ 1 யூனிட். ஆகவே "பத்து மடங்கு குறைப்பேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் காற்றுதான் வழி என்று ஒருவர் கமெண்டில் வருவார். சரி, அந்த இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறிய உவர்நீர் ஆர்.ஓ. நிலையம் ஒன்று பராமரிப்புக்காக என்னிடம் வந்தது. ஓடாமல் கிடந்தது. மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு, போய்விட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். மெம்பிரேன் நன்றாகவே இருந்தது, போனது பேட்டரி. ஈய அமில பேட்டரிகளைக் காற்றே புகாத தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்தார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. புது பேட்டரி கேட்டு ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. பேட்டரியே வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பெரிய தொட்டி கட்டுங்கள் என்றேன். நமக்குத் தேவை இரவில் தண்ணீர், இரவில் மின்சாரம் இல்லையே.

கேட்க எளிது. செய்யும்போதுதான் வேலை தெரியும். பேனலிலிருந்து நேராக வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), அதிலிருந்து பம்ப் மோட்டார். மேகம் வந்தால் மோட்டார் வேகம் குறையும், அழுத்தமும் இறங்கும். அழுத்தம் இறங்கினால் சவ்வைத் தாண்டும் தண்ணீர் குறையும், ஆனால் தாண்டும் உப்பு அவ்வளவாகக் குறையாது. விளைவு, வரும் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஏறும். அதற்காக ஒரு மின்கடத்துதிறன் சென்சாரும் வால்வும் வைத்தோம். அளவு தாண்டினால் தண்ணீர் தொட்டிக்குப் போகாது, ஃபீட் (உள்ளே வரும் உவர்நீர்) பக்கமே திரும்பிவிடும். சாயங்காலம் நிற்பதற்கு முன் நல்ல தண்ணீரால் ஃப்ளஷ் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் செறிவான உப்புநீர் இரவு முழுக்க சவ்வின்மேல் நின்று படிவு கட்டும். தொட்டியில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீருக்குக் குளோரின் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். நிலையம் ஓடியது. பேட்டரி அறையில் உதிரி ஃபில்டர்களை வைத்துக்கொண்டோம்.

நான் பேட்டரிக்கு எதிரி இல்லை. மருத்துவமனைக்கும் தகவல்தொடர்புக் கோபுரத்துக்கும் அது வேண்டும். ரிஜெக்ட் தண்ணீரை, அதாவது சவ்வைத் தாண்டாமல் மிஞ்சும் செறிவான உப்புநீரை, எங்கே விடுவது என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உண்மையான பிரச்சினைதான், அதை நான் தீர்த்துவிட்டதாகச் சொல்லவில்லை.

பிறகு இதை ஒரு பரிசுக்கு அனுப்பினார்கள். நடுவர் ஒருவர் கேட்டது: "இதில் புதுசா என்ன இருக்கு?" லோப், சௌரிராஜன் என்ற இரு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் பயன்படுகிற அளவுக்கு ஒரு சவ்வைச் செய்தது 1950களின் இறுதியில். 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊர் அந்த முறையில் உவர்நீரை நன்னீராக்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டது. அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. கடல்நீர் நிலையங்களின் மின்செலவு இறங்கியதில் பெரும்பங்கு, ரிஜெக்ட்டில் வீணான அழுத்தத்தைப் பிடித்து உள்ளே வரும் தண்ணீருக்கே கொடுக்கும் கருவிகளுக்கு. நடுவரிடம் இதைச் சொல்ல நேரம் தரவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. இப்போது பம்ப் வாங்கினால் மேனுவல் தருவதில்லை. ஒரு க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்துவிடும், ஸ்கேன் ஆனாலும் அந்தப் பக்கம் இருக்காது. டார்ச் வெளிச்சத்தில் நட்டு முடுக்கிக்கொண்டிருப்பவன் எவ்வளவு முறுக்குவிசையில் (டார்க்) முடுக்க வேண்டும் என்று யாரைக் கேட்பான்?

சரி, உங்கள் ப்ராஜெக்ட். வீட்டு ஆர்.ஓ.வில் இருக்கும் சின்ன மெம்பிரேன் ஒன்று, ஒரு டிசி பம்ப், ஒரு பேனல், அழுத்தமானி, டி.டி.எஸ். மீட்டர். இவ்வளவுதான். உப்புநீரின் அளவை மாற்றி மாற்றி, அழுத்தம் எவ்வளவு இறங்கும்வரை குடிக்கத்தக்க தண்ணீர் வருகிறது என்று வரைபடம் போடுங்கள். அதை ஒரு நாள் வெயிலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் எத்தனை லிட்டர் தேறும், தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்கு வரும். வழிகாட்டி மறுபடி புதுமை கேட்டால், உங்கள் மெம்பிரேனுக்கு, உங்கள் தண்ணீருக்கு அந்த வரைபடம் வேறு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.