மரமில்லா நிலத்தில் வளைக்கரடி: கேள்வி பதில்

கேள்வி: மறைவிடமே இல்லாத திறந்த புல்வெளியில் விலங்குகள் எவ்வாறு உயிர் பிழைக்கின்றன?

பதில்: மண்ணுக்குள் புகலாம், விரைந்து ஓடலாம், அல்லது கூட்டமாக இருந்து மாறி மாறிக் காவல் காக்கலாம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் இம்மூன்றையும் காணலாம். மானைப் போன்ற பிராங்ஹார்ன் மணிக்கு ஏறத்தாழ 88 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. புல்வெளி நாய் என்னும் அணிலினம் (பெயரில் மட்டுமே நாய்) தன் வளையைச் சுற்றியுள்ள புல்லைக் கடித்துக் குட்டையாக்கி, எதிரி வருவது தொலைவிலேயே தெரியும்படி செய்துகொள்கிறது. மண்ணை நம்பி வாழ்வதில் மட்டும் பேட்ஜர் எனப்படும் வளைக்கரடியை (இதுவும் பெயரில் மட்டுமே கரடி) விஞ்சுவது கடினம் என்பது என் கருத்து.

கேள்வி: ஐயா, அதன் உடல் தோண்டுவதற்கென்றே அமைந்ததா?

பதில்: ஆம். தட்டையாக அகன்ற உடலும், குட்டையான வலுமிக்க கால்களும், முன்கால்களில் 5 செ.மீ. வரை நீளும் நகங்களும் அதற்கு உண்டு. தோண்டும்போது மண் விழாதபடி கண்களை ஒரு மெல்லிய படலம் மூடிக்கொள்கிறது. எனினும் வலிமையைவிட அதன் உத்தியே எனக்கு வியப்பளிக்கிறது. தரை அணிலின் வளைக்குப் பல வாயில்கள் இருப்பதால், ஒன்றில் தோண்டத் தொடங்கினால் இரை மற்றொன்றின் வழியே தப்பிவிடும்; ஆகவே சில வேளைகளில் வளைக்கரடி ஏனைய வாயில்களை முதலில் மண்ணால் அடைத்துவிட்டு, அதன் பிறகே தோண்டுகிறது.

கேள்வி: கயோட்டி என்னும் காட்டு நாயினமும் வளைக்கரடியும் சேர்ந்து வேட்டையாடுவது உண்மையா?

பதில்: உண்மையே, ஆனால் அதை நட்பு என்று கொள்ள வேண்டாம். வளைக்கரடி தோண்டுவதைக் கண்டு மேலே ஓடிவரும் அணிலைக் கயோட்டி பிடிக்கிறது. மேலே நிற்கும் கயோட்டிக்கு அஞ்சி உள்ளேயே தங்கும் அணில் வளைக்கரடிக்குக் கிடைக்கிறது. பிடித்த இரையை அவை பகிர்ந்துகொள்வதில்லை. வேறு தருணங்களில் கயோட்டி வளைக்கரடியையே கொல்வதும் உண்டு.

கேள்வி: பனிக்காலம் முழுவதும் அது உறங்குமா?

பதில்: இல்லை. கடுங்குளிரில் வளைக்குள் ஏறத்தாழ ஒரு நாள் நீடிக்கும் மந்த நிலைக்குப் பலமுறை செல்கிறது. அப்போது உடல் வெப்பமும் இதயத் துடிப்பும் குறைவதால், சேமித்த கொழுப்பு மெதுவாகவே செலவாகிறது. இனப்பெருக்கமும் பருவத்திற்கு இசைந்ததே: கோடையின் பிற்பகுதியிலோ இலையுதிர் காலத்திலோ இணைசேர்ந்தாலும், கரு பனிக்காலம் வரை கருப்பையில் பதியாமல் காத்திருப்பதால், இளவேனில் தொடங்கும் வேளையில் குட்டிகள் பிறக்கின்றன.

கேள்வி: ஐரோப்பிய வளைக்கரடியும் இப்படித்தானா?

பதில்: அது வேறு இனம், பல இடங்களில் கூட்டமாக வாழ்ந்து, பெரும்பாலும் மண்புழுக்களை உண்கிறது. அமெரிக்க இனம் தனித்து வாழும் வேட்டை விலங்கு.

கேள்வி: கைவிடப்பட்ட வளைகள் என்னவாகின்றன?

பதில்: வேறு உயிர்கள் குடியேறுகின்றன. அவற்றுள் வளை ஆந்தை குறிப்பிடத்தக்கது. தானே பெரிதாகத் தோண்டாமல், வளைக்கரடியும் புல்வெளி நாயும் விட்டுச்சென்ற வளைகளிலேயே பெரும்பாலும் கூடமைக்கிறது. வாயிலில் அது பரப்பி வைக்கும் சாணம் சாண வண்டுகளை ஈர்க்க, உணவு வீடு தேடி வருகிறது. வளைக்குள் எதிரி தலை நீட்டினால், ஆந்தை நச்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பைப் போன்றே சீறும். இருட்டில் அந்த ஒலியைக் கேட்ட விலங்கு மேலும் உள்ளே செல்லத் தயங்கும்.