பம்பைக் கழற்றும் முன் வாஷரைப் பாருங்கள்

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறேன். டிராக்டருக்கு 11 வயது. சேற்று உழவின்போது டீசல் தீர்ந்து வண்டி நின்றது. டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் வந்து ஏர் எடுத்த (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகு ஓடியது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை இதே தொல்லை. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்க விடாதீர்கள். ஏர் எடுத்ததும் ஓடி, மறுபடி நிற்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு, அதாவது டேங்க் டீசலை உறிஞ்சி அனுப்பும் சின்னப் பம்புக்கு, வரும் வழியைத்தான். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால், ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போய்விடும். ஈரமே இல்லையே என்று நாம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். டேங்கில் டீசல் குறையக் குறையத் தொல்லை கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால் இந்த வழியின் மேல் சந்தேகம் வலுக்கும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, டேங்க் உயரத்தில் சுத்தமான டீசல் கேனை வைத்து, புது ஹோஸ் மூலம் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஏர் எடுத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு பழைய ஹோஸிலோ அதன் கிளிப்பிலோ இணைப்பில் உள்ள வாஷரிலோதான். நசுங்கிப்போன செம்பு வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டு முறுக்குவதால் வரும் வினை இது. சில ரூபாய் வாஷருக்காக பம்பையே பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏர் எடுக்க நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். டேங்கை நிரப்பி, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப் பிடியை அடியுங்கள். முதலில் வெளிறிய நுரை சளசளவென்று வரும். விடாமல் அடித்தால் நுரை அடங்கி, டீசல் கம்பி பிடித்தாற்போல் தெளிவாக வரும். அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டாவது ஃபில்டர், அப்புறம் டீசல் பம்பின் ஸ்க்ரூ என்று இதே வரிசையில் போக வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் மட்டும் நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட்டரைப் போடுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம், மோட்டார் சூடாகிவிடும். அந்த நேரத்தில் நட்டுக்கு அருகே கை போகவே கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடலூர் பக்கத்தில் பலர் விலை குறைவென்று புதுச்சேரி எல்லையில் கேனில் டீசல் பிடித்து வருகிறார்கள். அந்தக் கேன் சுத்தமாக இருக்கட்டும். அடியில் தங்கும் தண்ணீர்தான் பம்பை உண்மையிலேயே கெடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பம்புதான் காரணம் என்று தெரிந்தால் செய்யலாம். என்னென்ன மாற்றப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். சொந்தப் பிழைப்புக்காக வண்டி வைத்திருப்பவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.