வழுவழுப்பும் சொரசொரப்பும்

கேள்வி: என் தகப்பனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய கால் புண்ணிலிருந்து சீழ் எடுத்துப் பாளையங்கோட்டை ஆய்வகம் ஒன்றில் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கிளெப்சியெல்லா என்ற ஒரே கிருமிதான், ஆனால் வழுவழுப்பாகவும் வறண்டும் இருவிதமாக வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். வழுவழுப்பானதுதான் கொடியதா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: பெரும்பாலும் ஆம், ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கல்ச்சர் பரிசோதனைக்காகக் கிருமியை வளர்க்கும் தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமி பல்கிப் பெருகிய கூட்டம். அதைத்தான் காலனி என்கிறோம். வழுவழுப்புக்குக் காரணம், கிருமி தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் சர்க்கரைப் பொருளாலான உறை. அந்த உறை இருந்தால் நம் வெள்ளையணுக்களால் அதை எளிதில் விழுங்க முடிவதில்லை. 1928-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மருத்துவர் நிமோனியாக் கிருமியை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, வழுவழுப்பான வகை எலிகளைக் கொன்றது. உறையை இழந்த சொரசொரப்பான வகை கொல்லவில்லை.

கிளெப்சியெல்லாவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. காலனியைக் கம்பி வளையத்தால் தொட்டு மெல்ல உயர்த்தும்போது 5 மில்லிமீட்டருக்கு மேல் நூல் போல இழுபட்டால், அது மிகையான பிசுபிசுப்பு உடையது என்பார்கள். பாகில் கம்பிப் பதம் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இத்தகைய கிருமிகளில் சில, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடியவை. பிசுபிசுப்பான எல்லாமே அப்படியல்ல.

இந்த விதியைக் காசநோய்க் கிருமி தலைகீழாக்கிவிடுகிறது: அதன் காலனி வறண்டு, உதிர்ந்த ரொட்டித்தூள் போலச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமியிலோ, ஒருநாள் வளர்த்த தட்டில் கண்ணுக்கே படாமல் 48 முதல் 72 மணி நேரம் கழித்துக் குண்டூசி முனையளவில் தலைகாட்டும் குட்டிக் காலனிகள் உண்டு. சாதுவாகத் தெரியும் இவை நம் உயிரணுக்களுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்து, ஆறிவிட்டதாக நினைத்த எலும்புத் தொற்றை மாதக் கணக்கில் கழித்துக்கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே இரண்டு காலனிகளுக்கும் தனித்தனியாக எந்த மருந்து கேட்கும் என்று பார்த்திருக்கிறார்களா என ஆய்வகத்தில் விசாரியுங்கள். புண் எலும்பு வரை போயிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். தகப்பனாருக்குக் குளிர்காய்ச்சலோ வலப்பக்க மேல்வயிற்றில் வலியோ இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.