கார்டு இல்லாதவருக்கு ஒரு விலை

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மதுரை வாசகி ஒருவரின் கடிதமும் என் பதிலும்.)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் திருநகரில் இருக்கிறோம். மாதச் சாமான் முழுவதையும் பக்கத்தில் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்குகிறோம். எட்டாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். அங்கே கார்டு போட்டிருக்கிறேன். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட்டுக்கு ஐம்பது காசு. அது போக, சில பொருட்களுக்கு 'மெம்பர் விலை' என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருப்பார்கள். "சும்மா வருகிற காசை யாராவது விடுவார்களா?" என்கிறார் என் நாத்தனார். "எல்லாம் ஏமாற்று வேலை, போன் நம்பரைக் கொடுக்காதே" என்கிறார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் மேலூர் பக்கத்திலிருந்து அத்தை வந்திருந்தார்கள். என்னோடு கடைக்கு வந்து, தன் காசில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுத்தார்கள். நானும் அதே எண்ணெய் எடுத்தேன். பில் போடும் பையன் அத்தையிடம் நம்பர் கேட்டான். அத்தையிடம் போன் கிடையாது. எனக்கு வந்ததைவிட அவர்களுக்கு முப்பது ரூபாய் கூட வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்த கார்டு நமக்கு நல்லதா, கெட்டதா? என்னிடம் 410 பாயிண்ட் சேர்ந்து கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

*

அன்புள்ள சகோதரிக்கு,

பாயிண்ட்டை முதலில் பேசி முடித்துவிடுவோம். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டாயிரத்துக்கு 80 பாயிண்ட், அதாவது 40 ரூபாய். வருடத்துக்கு 480 ரூபாய். நீங்கள் கொடுப்பதில் அரை சதவீதம் திரும்பி வருகிறது. உங்கள் நாத்தனார் சொல்வது சரிதான், வருவதை விட வேண்டாம். ஆனால் பல கடைகளில் அரிசி, எண்ணெய், சர்க்கரைக்குப் பாயிண்ட் ஏறாது. குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் கழிக்க முடியும் என்பார்கள். தேதி தாண்டினால் மொத்தமும் போய்விடும். உங்கள் கடையில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நாற்பது ரூபாயை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். மாதம் மூன்று கிலோ துவரம்பருப்பு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் குறைத்துக் கிடைத்தால், பருப்பு ஒன்றிலேயே ஒரு மாதப் பாயிண்ட் அடிபட்டுப் போகிறது. திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையம் வரை சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. மாதாமாதம் பையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது முடியாது. ஆனால் கார்டு கைக்கு வந்த பிறகு வேறு கடையில் விலை கேட்கும் வழக்கமே நின்றுபோகிறது. கடைக்காரர் அரை சதவீதம் கொடுத்து வாங்குவது அதைத்தான். அவருக்கு அது லாபமான வியாபாரம்.

இனி உங்கள் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு தொகை இருக்கும். ஐந்நூறு, அறுநூறு என்று பெரிதாகவே இருக்கும். என்னைக் கேட்டால் பாயிண்ட்டைவிட இந்த வரிதான் நம்மை அதிகம் மயக்குகிறது. அந்தத் தொகையைப் பெரும்பாலும் எம்.ஆர்.பி.யிலிருந்து கழித்துத்தான் போடுகிறார்கள். எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை. அதற்கு மேல் விற்றால் சட்டப்படி குற்றம், கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். பருப்பையும் மசாலாவையும் ஊரில் பாதிக் கடைகள் அந்த உச்ச விலைக்குக் கீழேதான் விற்கின்றன. அதனால் உச்ச விலையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து, நமக்கு உண்மையில் என்ன மிச்சம் என்று சொல்ல முடியாது.

அதிலும் கடையின் சொந்தப் பெயரில் வரும் பாக்கெட்டுகளைக் கவனியுங்கள். உளுந்து, கடலைப்பருப்பு, ரவை, மிளகாய்த் தூள் எல்லாம் கடைப் பெயர் அச்சடித்த கவரில் வரும். பொருளைக் கட்டி விற்பவர்தான் அதில் எம்.ஆர்.பி. அடிக்க வேண்டும். கடைக்காகவே கட்டும் பாக்கெட் என்றால் அந்த விலை கடையின் கையில்தான் இருக்கிறது. 220 என்று தானே அச்சடித்து, 'மெம்பருக்கு 165' என்று தானே சீட்டு ஒட்டினால், அந்த 55 ரூபாயை நீங்கள் சேமித்ததாக எப்படிச் சொல்வது? பக்கத்துக் கடையில் அதே உளுந்து 160-க்குக் கிடைக்கலாம்.

இதற்குக் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. சில வருடங்களாகப் பாக்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு விலையும் போட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் கிராமுக்கு என்ன, ஒரு கிலோவுக்கு மேலே என்றால் கிலோவுக்கு என்ன என்று இருக்கும். கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும், ஆனாலும் படியுங்கள். 450 கிராம் கவர், 900 கிராம் கவர், 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று அலமாரி எவ்வளவு குழப்பினாலும், எது மலிவு என்று அந்தச் சின்ன எண் காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் உச்ச விலைக்கான கணக்குதான். அதனால் கடை சொல்லும் விலையை எடையால் வகுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு நிமிட வேலை.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாமே ஏமாற்று என்பது சரியில்லை. இந்த மாதிரி கார்டு முறையில் பிரிட்டன்தான் நமக்கு வெகுவாக முன்னால் போன நாடு. அங்கே டெஸ்கோ கடைகள் 1995-இல் கிளப்கார்டு கொண்டுவந்தன. அதற்கு முன் நடந்த சோதனையின் முடிவை ஆய்வாளர்கள் சொல்லக் கேட்ட டெஸ்கோ தலைவர், என் வாடிக்கையாளர்களைப் பற்றி முப்பது வருடத்தில் எனக்குத் தெரிந்ததைவிட மூன்று மாதத்தில் உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று அசந்துபோனார் என்பார்கள். இப்போது அங்கே பாயிண்ட்டைவிட மெம்பர் விலைதான் பெரிதாகிவிட்டது. கார்டு இல்லாதவருக்கு விலையை ஏற்றி வைத்து, கார்டுக்காரருக்குக் குறைப்பதுபோல் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் அங்கும் எழுந்தது. அந்த நாட்டின் போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரித்து 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. சுமார் 50,000 பொருட்களைப் பார்த்ததில் 92 சதவீதத்தில், வழக்கமான விலையிலிருந்து உண்மையாகவே குறைத்திருந்தார்கள். அதே சமயம், கார்டு விலைதான் ஊரிலேயே மலிவு என்று நம்பிவிட வேண்டாம், மற்ற கடைகளையும் பாருங்கள் என்றும் ஆணையம் சொன்னது. நமக்கும் அங்கேயும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே எம்.ஆர்.பி. முறை கிடையாது. நான் மேலே சொன்ன உச்ச விலைக் கணக்கு நம் ஊர் விவகாரம், அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டு இல்லாமலே மலிவாக விற்க முடியாதா என்றால், முடியும். பிரிட்டனில் ஆல்டி, நம் நாட்டில் டி மார்ட் இரண்டும் கார்டை நம்பாமலே வளர்ந்த கடைகள்.

போன் நம்பரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கவலைப்படுவது நியாயம். அந்த நம்பரோடு உங்கள் வீட்டின் முழுக் கதையும் போய்ச் சேர்கிறது. குழந்தைக்கு டயப்பர் வாங்குவது நின்றது எப்போது, சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை வந்தது எப்போது, பெரியவர்களுக்கான டயப்பர் வந்தது எப்போது, சம்பளம் எந்தத் தேதிக்கு வருகிறது என்று எல்லாமே பில்லிலிருந்து தெரியும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்துவது முறையற்ற வணிகம் என்றது. அதே வருடம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஒரு காரியத்துக்கு என்று வாங்கிய விவரத்தை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முழுதாக அமலுக்கு வர இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நம் வாய்தான் நமக்குப் பாதுகாப்பு. நம்பர் கேட்டால் "வேண்டாம், பில் மட்டும் போடுங்கள்" என்று சொல்லலாம். பில் தர மறுத்தால் 1915-க்குக் கூப்பிடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

அப்புறம் அத்தை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சுருக்குப்பைதான் எனக்கு மனதில் நிற்கிறது.

நாம் எல்லோரும் கார்டு நமக்கு நல்லதா என்றே கேட்கிறோம். கார்டு இல்லாதவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. போன் வைத்துக்கொள்ளாத கிழவிகள். வேலை விட்டு வரும் வழியில் கால் கிலோ சர்க்கரையும் பத்து ரூபாய் டீத்தூளும் வாங்கும் கொத்தனாரும் சித்தாளும். வடக்கேயிருந்து வந்து கட்டட வேலை பார்க்கிற பையன்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் பிஸ்கட் வாங்க நுழைகிற வெளியூர்க்காரர்கள். இவர்கள் வாங்குவது கொஞ்சம், கையில் இருப்பதும் கொஞ்சம். ஒரே அலமாரியில், ஒரே டப்பாவுக்கு இவர்கள் கூடக் கொடுக்கிறார்கள், எட்டாயிரத்துக்கு வாங்கும் நாம் குறைத்துக் கொடுக்கிறோம். சட்டத்தில் இதற்குத் தடை இல்லை, எம்.ஆர்.பி.யைத் தாண்டாதவரை. ஆனால் எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. பாயிண்ட் கொடுங்கள், பண்டிகைக்குப் பரிசு கொடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஆளைப் பார்த்து இரண்டு விலை வைக்கக் கூடாது.

நான் சொன்ன பிரிட்டிஷ் அறிக்கையும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. முதியவர்கள், ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், 18 வயது ஆகாதவர்கள் இந்த விலையை இழந்துவிடாமல் கடைகள் வழி செய்ய வேண்டும் என்றார்கள். அங்கே சொல்ல வேண்டியிருந்தது என்றால் இங்கே எவ்வளவு சொல்ல வேண்டும்!

அண்ணாச்சி கடைகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். அங்கும் குறை உண்டு. விலைச் சீட்டு கிடையாது. கணக்கு நோட்டில் வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடவே போடுவார்கள். கேட்கவும் முடியாது. ஆனால் இருபத்தைந்தாம் தேதி கையில் காசில்லாமல் போய் நிற்கிறவருக்கு அண்ணாச்சி அரிசி அளந்து போடுவார். பழகிய வாடிக்கைக்கு அவர் செய்யும் உபகாரம், முடியாத நாளில் முடியாதவருக்குப் போய்ச் சேர்கிறது. கார்டு அப்படிச் செய்வதில்லை. மாதம் ஒரு வாரம் இழுத்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் 410 பாயிண்ட்டைக் காட்டி ஒரு கிலோ அரிசி கடன் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

வாங்குகிறவருக்குத் திருப்பிக் கொடுக்கும் யோசனையும் புதிதில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-இல் நெசவாளர்களும் மற்ற தொழிலாளிகளும் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள். சந்தை விலைக்கு விற்பது, மிஞ்சும் லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்பது ஏற்பாடு. அலமாரியில் ஒரே விலை. கடையும் வாங்குகிறவர்களுடையது, கணக்கையும் அவர்களே பார்க்கலாம். அந்த வழியில்தான் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நம் மதுரையில் பாண்டியன் கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டைத் தெரியாத என் வயதுக்காரர்கள் இருக்க மாட்டார்கள். கூட்டுறவுக் கடைகளில் பிறகு என்னென்ன கெட்டது என்று தனியாகவே எழுதலாம். திருப்பிக் கொடுப்பதற்கு இரண்டு விலை தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 410 பாயிண்ட்டை அடுத்த தடவை போகும்போதே கழித்துவிடுங்கள். 205 ரூபாய் வரும். சேர்த்து வைத்தால் வட்டியா வரப்போகிறது? கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், நீங்கள் எப்படியும் அங்கேதான் வாங்கப்போகிறீர்கள். ஆனால் மஞ்சள் சீட்டைப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாததை எடுக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பருப்பு, எண்ணெய், அரிசி மூன்றுக்கு மட்டுமாவது வெளியே விலை கேளுங்கள். கடையின் விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்தச் சொல்லுங்கள்.

அத்தை அடுத்த தடவை வரும்போது அவர்கள் பில்லுக்கும் உங்கள் நம்பரையே சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதோடு விட்டுவிடாமல் மேலாளரைப் பார்த்து, நம்பர் இல்லாத வயதானவர்களுக்கும் மெம்பர் விலையைப் போடுங்கள் என்று கேளுங்கள். பில் போடும் பையனிடம் கோபப்பட்டுப் பயனில்லை, அவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதன் நகலில் வாங்கிக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அங்கே வாங்குகிற இன்னும் நாலு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாதம் எட்டாயிரத்துக்கு வாங்குகிற ஐந்து வீடுகள் சேர்ந்து கேட்டால் அவர்கள் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.