கொப்பிக்குள் உலர்ந்த பூ: கைவினைக் கேள்வி பதில்

கேள்வி: 1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகேறி வந்தபோது அம்மம்மா கொண்டுவந்த கொப்பி (நோட்டுப் புத்தகம்) எங்களிடம் இருக்கிறது. முற்றத்தில் பூத்த செவ்வரத்தை (செம்பருத்தி), நித்தியகல்யாணி என்று ஏழு பூக்களைப் பக்கங்களுக்கிடையில் வைத்திருக்கிறார். எல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கின்றன. மூன்று பேத்திகளுக்கும் ரெசின் பதக்கம் செய்ய ஆசை. எப்படி எடுப்பது? (வாசகி, மண்டபம்)

பதில்: ரெசின் என்பது கண்ணாடிபோல் இறுகும் திரவப் பிசின், அதற்குள் போன பூவைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது. ஆகவே ஏழில் மூன்றை மட்டும் எடுங்கள், மற்ற நான்கும் கொப்பியோடு இருக்கட்டும். எடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னலோர வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படமெடுத்து வையுங்கள். ஸ்கேனரில் கவிழ்த்தால் இதழ் நொறுங்கிவிடும்.

பழைய தாளில் பூச்சி இருக்கலாம். கொப்பியை ஜிப் பைக்குள் வைத்து, காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். அவசரப்பட்டால் தாளில் வியர்வை கோத்து மை கசியும்.

ஒட்டிக்கொண்ட இதழை நகத்தால் உரிக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரத்துணி, அதன்மேல் ஒரு கம்பித்தட்டு, அதன்மேல் கொப்பிப் பக்கம் என்று வையுங்கள். தண்ணீர் தாளைத் தொடக்கூடாது. ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் இதழ் சற்று இளகும். அப்போது பழைய போஸ்ட்கார்டு ஓரத்தை அடியில் மெல்லச் செருகி எடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஊற்றுப்பேனா மையில் எழுதிய பக்கமென்றால் இந்த வேலையே வேண்டாம், மை பரவும். இளகாத பூவைத் தாளோடு சேர்த்தே வெட்டிக்கொள்ளுங்கள். அம்மம்மாவின் கையெழுத்து கொஞ்சம் வந்தால் பதக்கத்துக்கு இன்னும் அழகுதான்.

எடுத்த பூ 48 மணி நேரம் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் காயட்டும். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மென்மையான தூரிகையால் இருபுறமும் இரண்டு கோட் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். பூசாவிட்டால் ரெசின் இதழுக்குள் ஊறி அதைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். தாளும் அப்படித்தான், மறுபக்க எழுத்தெல்லாம் தெரியும். செவ்வரத்தையின் நடுத்தண்டு தடிப்பு, அதை விட்டுவிட்டு இதழை மட்டும் எடுங்கள். பழுப்பு நிறம் பழைய சிவப்பாகத் திரும்பாது. சாயம் தீட்டுவதும் வேண்டாம்.

மூன்றில் ஒன்றையாவது ரெசினில்லாமல், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பூவை வைத்துத் திருகி மூடும் லாக்கெட்டில் செய்யுங்கள் என்பது எங்கள் யோசனை. நாளைக்கு வேண்டுமென்றால் திறந்து எடுக்கலாம். முதலில் தெருவோரத்து நித்தியகல்யாணியில் நாலு பதக்கம் செய்து கை பழகுங்கள். கொப்பிப் பூவைத் தொடுவது அதற்கப்புறம்.

கேள்வி: முதல் உலகப் போரில் சிப்பாய்கள் கடிதத்தில் வைத்து அனுப்பிய பூக்கள் இன்னும் இருக்கின்றனவாமே? என் பூ மூன்றே மாதத்தில் கறுத்துவிடுகிறதே? (வாசகர், தொண்டி)

பதில்: பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குண்டு கிளறிய மண்ணில் செங்கசகசாப் பூ (பாப்பி) மண்டியது. அதன் விதை மண்ணுக்குள் வெகுகாலம் உறங்கிக் கிடக்கும், நிலம் கிளறினால் முளைக்கும். கடிதத்தில் வைத்த அதன் இதழோ வெகு மெல்லிசு. கடிதத்தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது, உறைக்குள் வெளிச்சம் படவில்லை. பாதுகாத்தது இவ்வளவுதான். நீங்கள் பூவை அழுத்திவைத்த செய்தித்தாளை முதல் நான்கு நாள் தினமும் மாற்றினீர்களா? மாற்றாவிட்டால் பூ தன் ஈரத்திலேயே வெந்து கறுக்கும்.

கேள்வி: நவம்பரில் செய்த பத்துப் பதக்கங்களில் நான்கு பிசுபிசுக்கின்றன, மூன்று மேலே எண்ணெய் தடவியதுபோல் மங்கிவிட்டன. பூவைச் சுற்றி வெள்ளி விளிம்பும் தெரிகிறது. (வாசகி, கீழக்கரை)

பதில்: இவை மூன்று வெவ்வேறு கோளாறுகள். பிசுபிசுப்பு அளவுப் பிழை. 2.5 செ.மீ. அகலம், 3 மி.மீ. ஆழமுள்ள சட்டத்துக்கு ஒன்றரை மி.லி. ரெசின் போதும், பத்துக்குப் பதினைந்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கலக்கினால் இரண்டு சொட்டு வித்தியாசமே விகிதத்தைக் கெடுத்துவிடும். மொத்தமாகக் கலந்து இரண்டு மி.லி. வீணானாலும் பரவாயில்லை. டப்பாவில் ரெசினுக்கும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னருக்கும் 2:1 என்று போட்டிருந்தால் அது கனஅளவா எடையா என்று பாருங்கள். ஹார்ட்னர் பெரும்பாலும் லேசானது, கனஅளவு விகிதத்தைத் தராசில் நிறுத்தால் பிழைதான். சுவரையும் அடியையும் வழித்து நாலைந்து நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். மேலே மட்டும் பிசுபிசுத்தால் சரியாகக் கலந்த ரெசினை மெல்லிய பூச்சாகத் தடவலாம். உள்ளே நகம் பதிந்தால் எறிந்துவிட வேண்டியதுதான்.

மங்கல் நவம்பர் ஈரக்காற்றின் வேலை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் செய்தே ஆகவேண்டுமென்றால் மழை விட்ட பகலில், ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக் கலக்குங்கள். ஊற்றியபின் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். 24 மணி நேரம் கழித்துத் தொடலாம், கழுத்தில் போட 72 மணி நேரம்.

வெள்ளி விளிம்பு, இதழுக்கும் ரெசினுக்கும் நடுவே சிக்கிய காற்று. முதலில் 1 மி.மீ. ஊற்றுங்கள். பூவின் இருபுறமும் தூரிகையால் ரெசின் தடவிப் படுக்கவைத்து, ஊசியால் குமிழியை ஓரத்துக்குத் தள்ளுங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து மீதியை ஊற்றுங்கள்.

கேள்வி: பள்ளித் தமிழ் மன்றக் கண்காட்சிக்குப் புறத்திணைப் போர்ப்பூக்களை (சங்கப் பாடல்களில் போரின் கட்டங்களுக்கு அடையாளமான பூக்கள்) ஒரு மாலையாகச் செய்ய எண்ணம். எது தாங்கும்? (தமிழாசிரியை, இராமநாதபுரம்)

பதில்: வெட்சியில் தொடங்குங்கள். இட்லிப்பூச் செடியின் செந்நிறப் பூ நாலிதழ், தட்டையாக அழுந்தும், நிறமும் ஓரளவு நிற்கும். தும்பை வயலோரத்தில் கிடைக்கும், ஆனால் வெள்ளைப் பூ ரெசினில் காணாமல் போகும். கருநீலப் பின்னணியும் ஃபெவிகால் பூச்சும் வேண்டும். நொச்சியில் பூவைவிட ஐவிரல் இலை நன்றாக வரும். வாகை மகரந்த இழைக் குஞ்சம். அதை அழுத்தினால் பாழ், நுண்மணல் போன்ற சிலிக்கா ஜெல்லில் புதைத்து நாலைந்து நாளில் முழு வடிவாக எடுங்கள். காஞ்சி எந்த மரம் என்பதில் புலவர்களே ஒத்துப்போவதில்லை, அந்த இடத்தில் பெயரை மட்டும் எழுதிவிடுங்கள்.

கூடவே கடற்கரைத் திணையான நெய்தலுக்கு, மணலில் படரும் அடும்பு வைக்க ஆசைப்படுவீர்கள். பனி உலர்ந்தபின் எட்டு, ஒன்பது மணிக்குள் பறியுங்கள், உச்சிவெயிலுக்குள் பூ சுருங்கிவிடும். நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, துணியில் ஒற்றியெடுத்து, உடனே தாளுக்கிடையில் வையுங்கள். இதழில் உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்து ரெசினுக்குள் வெள்ளைப் படலமாகும். கொடியைப் பிடுங்க வேண்டாம், மணலைப் பிடித்திருப்பது அதுதான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய்ப் பறிக்கக் கூடாது.

கேள்வி: பித்தளைச் சட்டம் மழைக்காலம் முடிவதற்குள் பச்சை பூக்கிறது. (வாசகர், பாம்பன்)

பதில்: உப்புக்காற்றில் பித்தளை அப்படித்தான். 316 ரக எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 ரகத்தில்கூடப் பழுப்புப் புள்ளி விழும்.